நாற்பத்தேழாம் தாளில் உள்ள பாலம்

ஆற்றின் அக்கரை,
சுகாதார நிலையத்தின் பின்புறக் குடியிருப்பு,
திங்கட்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்றும், கடையில் மாட்டியிருக்கும் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன என்றும் நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இடது கால் செருப்பு இல்லாமல், மூக்கு ஒழுக, மாப்பிள்ளையின் தொளதொள சட்டைக்குள் உட்கார்ந்திருப்பவனை நலம் என்று சொல்லலாமா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும். கைப்பிடியில் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்து, இத்தனை வருஷம் யாருக்கும் கொடுக்காமல் எனக்கு மட்டும் இரவல் கொடுத்தீர்களே, அந்தக் குடை பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றித் தாங்கள் சிறிதும் கவலைப்பட வேண்டாம்.

வந்த காரியத்தை நான் ஒரு கணமும் மறக்கவில்லை. என் மகள், அதாவது தங்கள் மருமகள், இந்தச் சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் பின்னாலேயே தங்கள் மகனும் இருந்த வேலையை உதறிவிட்டு இங்கே காட்டு நாற்றுப் பண்ணையில் சேர்ந்து இரண்டரை வருஷம். கடைசி ஒன்றரை வருஷமாக அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் தன் அம்மாவோடு அரைமணி நேரம் பேசுகிறாள். என்னிடம் "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். என்ன கோபம் என்று எனக்கும் தெரியவில்லை, தங்களுக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் ஒரேயடியாகக் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில்தானே நாம் இருவரும் தங்கள் கடையில் உட்கார்ந்து அவளுடைய இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்பினோம். 'காரணம்' என்ற கட்டத்தில் தங்கள் முழங்காலை எழுதுவதா என் ரத்த அழுத்தத்தை எழுதுவதா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் நெருக்கிப் பிடித்து இரண்டையுமே எழுதினோம். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "கையெழுத்தோட வர்றேன் சம்பந்தி" என்று தங்கள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கில் மாற்றமில்லை.

புறப்படும்போது நான் யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன? வரைபட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். எங்கள் அலுவலக முறை தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அளப்பவர் ஊர் ஊராகச் சுற்றி அளந்து குறிப்பேட்டில் கிறுக்கி அனுப்புவார். வரைபவன் மேஜையை விட்டு எழாமல் அதைப் படமாக்குவான். படத்தின் வலது கீழ் மூலையில் இரண்டு கையெழுத்துகள் இருக்கும். ஒன்று அளந்தவர், இன்னொன்று வரைந்தவர். இந்த ஊர் அடங்கிய நாற்பத்தேழாம் தாளில் வரைந்தவர் நான். ஒரு சாண் அகலத்துக்குள் இடது பக்கம் மலை, அதன் அடியில் காடு, காட்டைப் பிளந்துகொண்டு ஆறு, ஆற்று வளைவில் ஊர், வலது ஓரத்தில் கடல். நான் வரைந்ததிலேயே அழகான தாள் அது என்று அந்த நாளில் எல்லோரும் சொன்னார்கள். குறிப்பாக, ஊர்ப் பெயரை ஆற்றின் வளைவோடு வளைத்து எழுதியிருந்ததை எங்கள் மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை பார்த்தார். நான் இந்த ஊரை நேரில் பார்த்ததில்லை. நானூறு ஊர் வரைந்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் தன் தாளின் பிரதி ஒன்றைத் தகரக் குழாயில் சுருட்டி, விண்ணப்பத்தையும் அதற்குள்ளேயே செருகி, தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டதில் என்ன தவறு?

சனிக்கிழமை பகல், பஸ்ஸிலேயே வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்பாகவே வண்டியை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் என்னிடம் வந்து, "ஐயா, நீங்க அக்கரை சுகாதார நிலையத்துக்குத்தானே? இங்கயே எறங்கிடுங்க. இந்தப் பாலத்தத் தாண்டினா ஒரே ரோடுதான்" என்றார். பாலம் ஊருக்குள் அல்லவா இருக்கிறது என்றேன். "ஊருக்குள்ள இருக்கறது பாலம்ங்கற ஸ்டாப்புங்க. பேரு மட்டும்தான், படத்தப் பாத்து வெச்சது. பாலம் இதான்" என்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே ஒரு பாலம் இருக்கத்தான் இருந்தது. என் தாளில் இல்லாத பாலத்தில் நான் எப்படி இறங்குவேன்? குழாயைத் திறந்து தாளை இரண்டு சீட்டுக்கும் குறுக்கே விரித்து, பாலம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். டிரைவர் உட்பட எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கோழிக் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "படம் கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கு. ஆனா தப்பு" என்றார். என்னை ஒரே மூச்சில் இப்படித் தூக்கிக் கீழே போட்டவர் முப்பத்து நான்கு வருஷத்தில் யாருமில்லை. "தெரிஞ்ச பாலத்துல எறங்குங்க, பெரியவரே" என்று எத்தனையோ பேர் சொல்லியும் நான் அசையவில்லை. ஊருக்குள் 'பாலம்' என்று பலகை மாட்டியிருந்த நிறுத்தத்தில் கொட்டுகிற மழையில் இறங்கினேன். பஸ் போன பிறகு பார்த்தால் எதிரே ஆறு இருக்கிறது. கரை இருக்கிறது. பலகை இருக்கிறது. பாலத்தை மட்டும் காணோம்.

ஆற்றோரமாக வடக்கே கால் மணி, தெற்கே கால் மணி நடந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு தூண்கூடத் தென்படவில்லை. அந்தச் சேற்றில்தான் இடது செருப்பு போனது. உறிஞ்சி எடுத்துக்கொண்டுவிட்டது, சம்பந்தி. கையை முழங்கை வரை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. டீக்கடை வாசலில் ஒதுங்கி, இங்கே இருந்த பாலம் வெள்ளத்தில் போய்விட்டதா என்று கேட்டேன். கடைக்காரம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, "போறதுக்கு இருந்தாத்தானேங்க" என்றார். பிறகு என் தோளில் இருந்த குழாயைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "இன்னொருத்தர் வந்திருக்காரு, படகை எடுக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் எனக்குப் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்கள். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து பேராவது இப்படிப் படத்தை நம்பி வந்து நிற்பார்களாம். அவர்களுக்கென்றே சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தேன்.

படகுக்காரர் ஐம்பது வயது மனிதர், வாய் ஓயாதவர். துடுப்பைப் போட்டுக்கொண்டே, "கொடுத்து வெச்சவன் ஐயா நான். யாரோ ஒரு மகராசன் இல்லாத பாலத்த எழுதி வெச்சான், எனக்குப் பொழப்பு நடக்குது" என்றார். என் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அந்த மனிதர் நேரில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கும்புடுவேன். படகுல ஒக்கார வெச்சுக் கடல் வரைக்கும் சும்மா கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்" என்றார். பிறகு அவரே, "ஆனா என் தம்பி கண்ணுல மட்டும் அந்தாளு பட்டுடக் கூடாது" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சமயம் காற்று சுழற்றி அடித்தது, படகு ஒருபக்கம் சாய்ந்தது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தங்கள் குடையை நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

என் மகள் வராந்தாவில் நின்றிருந்தாள். வெள்ளை உடுப்பு, கையில் நோயாளிகள் பட்டியல், தலையில் இரண்டு மூன்று நரை. சம்பந்தி, என் மகளுக்கு நரைத்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், "எந்தப் பாலத்துலப்பா எறங்கினீங்க?" என்றாள். படத்தில் உள்ள பாலத்தில் என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். துண்டு எடுத்து வந்து என் தலையைத் தானே துவட்டிவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, "எங்கப்பா. ஊர் பாக்க வந்திருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே அறிவிப்புப் பலகை. தடுப்பூசி நாள், கொதிக்க வைத்த நீர் இவற்றுக்கு நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு கடிதம் தொங்கியது. பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறைக்காரர் ஒருவர், காலை நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர், "படிங்க ஐயா, படிங்க. மருந்து வாங்க வர்றவங்க எல்லாம் அதப் படிச்சுச் சிரிச்சுட்டுத்தான் போவாங்க, பாதி நோவு கொறஞ்சிடும்" என்றார். எழுந்து போய்ப் படித்தேன். வரைபட அலுவலகத்திலிருந்து சுகாதார நிலையப் பொறுப்பாளருக்கு வந்த பதில். "தங்கள் மூன்று கடிதங்களும் கிடைக்கப்பெற்றன. நாற்பத்தேழாம் தாளில் பாலம் சரியாகவே காட்டப்பட்டுள்ளது. தாளில் பிழை ஏதுமில்லை. தாங்கள் தரையைச் சரிபார்த்துக்கொள்ளவும்." கீழே கையெழுத்து.

என் கையெழுத்துதான். தங்களிடம் மறைப்பானேன்? ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்பு, ஏதோ ஒரு சுகாதார நிலையம் தாளைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறது என்று கோப்பு என் மேஜைக்கு வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, 'பொறுப்பாளர்' என்று முத்திரை மட்டும் இருந்தது. முத்திரைக்கு முத்திரையாகப் பதில் போட்டேன். அவள் அங்கே வெறும் நர்ஸ் என்றே நினைத்திருந்தேன், பொறுப்பாளரும் அவளே என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கையெழுத்தை அவள் பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பாள். பள்ளி மதிப்பெண் அட்டையில் பத்து வருஷம் பார்த்த கையெழுத்தாயிற்றே. ஒன்றரை வருஷமாக அவள் வீட்டுக்கு வராத கணக்கும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பட்டறைக்காரர் விடவில்லை. "கையெழுத்து யாருக்கும் புரியல. நர்ஸம்மாவக் கேட்டா அவங்களும் தெரியாதுன்னுட்டாங்க. யாரோ பெரிய எடம் போல" என்றார். பிறகு தன் காலைத் தட்டிக்காட்டிச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு பட்டறையில் அடிமரம் உருண்டு அவர் கால் எலும்பு முறிந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம், படகு இறக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி வண்டி வெளியூர் வண்டி. படத்தைப் பார்த்து இல்லாத பாலத்துக்கு வந்து இக்கரையில் நின்றுவிட்டது. அவர் அக்கரையில் கிடக்கிறார். கரையோர ரோடும் தண்ணீரில் மூழ்கியிருந்ததால், மலையைச் சுற்றிக்கொண்டு உண்மையான பாலத்துக்கு வண்டி வர ஒன்றரை மணி நேரம். அதுவரை என் மகள் அவர் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். "உசுருக்கு ஒண்ணும் இல்ல. காலு மட்டும் ஒரு அங்குலம் கம்மியாப் போச்சு. எங்கண்ணன்தான் படகு ஓட்டறாரு, அவருக்குப் பாலம் இல்லாதது லாபம், எனக்கு நஷ்டம், வீட்டுக்கு மொத்தத்துல சரியாப் போச்சு" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

ஆனாலும் சம்பந்தி, நான் ஒன்று கேட்கிறேன். பாலத்தை ஊருக்குள் கட்டாமல் நாலு கிலோமீட்டர் தள்ளிக் கட்டியது யார்? ஊர் அங்கே, பாலம் இங்கே என்று எந்த ஊரிலாவது உண்டா? ஒரு தாளில் ஒரு பொருள் தவறாக இருக்கிறது என்றால் மற்ற பொருள்களையும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்பது அலுவலக விதி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் சரிபார்க்கக் கிளம்பினேன். தங்கள் மகன் தங்கமான பிள்ளை. தன் ரப்பர் பூட்ஸை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் வெறுங்காலோடு வந்தான். மலை, தாளில் உள்ள இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் மெல்லிய கோடுகளாகப் போட்டிருந்த சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பற்றி அளந்தவர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். காடும் இருக்கிறது. நான் காட்டுக்கு ஒரே மாதிரி சின்னச் சின்ன மரக்குறிகளாக ஆயிரத்து எண்ணூறு போட்டேன்; இங்கே பார்த்தால் ஒரு மரம் போல இன்னொன்று இல்லை. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டு, இது நான் வைத்தது, இது பறவை போட்டது, இது தானாக வந்தது என்று வீட்டு மனிதர்களைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனான். மத்தியானம் கடலுக்குப் போனோம். ஆறு போய்க் கடலில் விழும் இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாக இருக்கிறது. அதை நான் நீல மையால் ஒரே கோடாக இழுத்திருந்தேன். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை மணலில் குந்தி உட்கார்ந்தபடி, "மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அவ இந்த ஊருக்குக் கேட்டு வாங்கிட்டு வந்ததே உங்க தாளாலதான்" என்றான்.

அவன் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. இந்தத் தாளை நான் வீட்டுக்கு எடுத்து வந்து வரைந்தேன், வேலை அவ்வளவு நெருக்கடி. மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப என்னப்பா போடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மலை என்பேன். "இப்ப?" காடு. "இப்ப?" கடல். "ஒரே ஊர்ல எல்லாம் இருக்குமா? நாம போவோமாப்பா?" என்றாள். போவோம் என்றேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். போகவில்லை. அவள் மட்டும் போயிருக்கிறாள். முதல் ஒன்றரை வருஷமும் "ஒரு தடவை வாங்கப்பா" என்று கூப்பிட்டிருக்கிறாள், எனக்கு அலுவலகம் இருந்தது, பிறகு ஓய்வூதிய வேலை இருந்தது, பிறகு ரத்த அழுத்தம் இருந்தது. நானும் மணலில் உட்கார்ந்துவிட்டேன், சம்பந்தி. மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இருந்தாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் அல்லவா? இன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு விண்ணப்பத்தை அவள் முன் வைத்தேன். எங்கே கிழித்துப் போட்டுவிடுவாளோ என்று எனக்குத் திக்திக் என்றிருந்தது. அவள் முழுவதும் படித்தாள். முழங்காலும் ரத்த அழுத்தமும் உள்ள கட்டத்துக்கு வந்தபோது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "எழுத்து அப்படியே இருக்குப்பா. கொஞ்சங்கூட நடுங்கல" என்றாள். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "கையெழுத்துப் போடறேம்பா. இந்தத் தாள்லயே போடறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட நடங்க. புதன்கிழமை எனக்கு லீவு" என்றாள். எங்கே என்று கேட்டேன். "பாலத்துலேர்ந்து பாலம் வரைக்கும்" என்றாள். ஒரு நாள் நடை, பதிலுக்கு ஒரு கையெழுத்து. நான் உடனே சம்மதித்துவிட்டேன். ஆகவே நாம் நினைத்த காரியம் கைகூடிவிட்டது என்றே தாங்கள் வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை கையெழுத்து, வெள்ளிக்கிழமை பஸ். அவள் கையெழுத்திட்ட தாளை இந்தக் கடிதத்தோடேயே முன்கூட்டி அனுப்பி வைக்கிறேன், தாங்கள் இலாகா அலுவலகத்தில் சேர்த்துவிடலாம்.

ஊரைப் பற்றி என் முடிவான கருத்தையும் எழுதிவிடுகிறேன். ஈரம், சேறு, வழுக்கல். டீக்கடையில் மரியாதை கிடையாது. மக்கள் தேவையில்லாமல் சிரிக்கிறார்கள். ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது, பாலம் தன் இஷ்டத்துக்கு நிற்கிறது. பிள்ளைகள் வாழத் தகுந்த இடம் அல்ல. தாளில் பிழை இருக்கிறது என்று நான் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கடையின் பெரிய கடிகாரம் போல நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சம்பந்தி.

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை:

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். இவ்வளவு நீளமாக இன்னொரு தடவை எழுதக் கையில் தெம்பில்லை. ஆகவே தாங்களே அடித்துத் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

குடை ஆற்றில் போய்விட்டது. படகு சாய்ந்தபோது கையை விட்டுப் பறந்து, தலைகீழாக மிதந்து, கைப்பிடியை மேலே நீட்டிக்கொண்டு கடல் பக்கம் போனது. என்னை மன்னிக்க வேண்டும்.

பாலம் ஒருநாளும் ஊருக்குள் இருந்ததில்லை. அளந்தவர் சரியாகத்தான் எழுதி அனுப்பியிருந்தார். அது இருந்த இடத்தில்தான் ஊர்ப் பெயரை ஆற்றோடு வளைத்து எழுத வேண்டியிருந்தது. எழுத்து பாலத்தின் மேல் ஏறியது. அழகு கெட்டுவிடும் என்று பாலத்தை ஒரு கட்டைவிரல் அகலம் கீழே தள்ளிப் போட்டேன். தாளில் ஒரு கட்டைவிரல், தரையில் நாலு கிலோமீட்டர். அது எனக்கு அன்றைக்கே தெரியும். யார் அங்கே போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்று விடிந்ததும் முதலில் மரப்பட்டறைக்குப் போனேன். மகளும் கூட வந்தாள், ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரம்பத்தை நிறுத்தினார். "தரையச் சரிபாக்கச் சொன்னதும் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போனார். கட்டை எடுத்துக்கொண்டு வருவார் என்றுதான் நினைத்தேன், ஓடவும் தோன்றவில்லை. நீள அளவு நாடாவை எடுத்து வந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அப்ப வாங்க, பாத்துடலாம்" என்றார். உண்மையான பாலத்திலிருந்து பலகை இருக்கும் இடம் வரை, கரையின் ஒவ்வொரு வளைவையும் அளந்தோம். அவர் முன்னால் விந்தி விந்தி நடந்தார், நான் நாடாவின் மறுமுனையோடு பின்னால் நடந்தேன், என் மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நடுநடுவே அவள், "சரியா வருதாப்பா?" என்று கேட்டாள். ஆறு வயதில் கேட்ட அதே குரல். "சரியா வருதும்மா" என்றேன். சாயங்காலம் கண்ணாடிச் சட்டத்தில் இருந்த கடிதத்தைக் கழற்றப் போனேன், பட்டறைக்காரர் தடுத்துவிட்டார். அது இருந்தால்தான் நோயாளிகளுக்கு நல்லது என்கிறார். என் பெயரை மட்டும் கீழே தெளிவாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். வரைபட அலுவலகத்துக்கும் பிழையைத் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். அங்கிருந்து என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். விடாமல் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் யாரும் வரவில்லை. என் மனைவிக்கும் போன் செய்துவிட்டேன், அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். தாங்களும் சம்பந்தியம்மாவும் அவளோடு வந்துவிடுங்கள். தங்கள் முழங்காலை மருமகள் பார்த்துக்கொள்வாள். 'பாலம்' என்று கூவுகிற இடத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள், அதற்கு முந்திய நிறுத்தத்தில் இறங்குங்கள். வழிக்கு இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன். வீட்டில் வேறு நல்ல தாள் இல்லாததால் இடமாற்ற விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வரைந்தேன். பாலம் இருக்கும் இடத்தில் பாலத்தைப் போட்டதும் ஊர்ப் பெயரை எழுத இடமில்லாமல் போய்விட்டது. எழுதாமல் விட்டுவிட்டேன்.

வாக்குக் கொடுத்தபடி மகளின் கையெழுத்தும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. முன்பக்கம் தேடாதீர்கள். படத்தின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அளந்தவர் என்ற இடத்தில் அவள் போட்டிருக்கிறாள், வரைந்தவர் என்ற இடத்தில் நான்.